எட்டு மாதம் என்னிடம்தான் வந்தாய்

என் ராஜி அண்ணிக்கு,

இப்போதாவது வலி இல்லாமல் இருக்கிறாயா? மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும் போலிருக்கிறது.

நீ போய் ஒரு வருடம் முடிந்து, திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் உனக்குக் கஞ்சி அடிக்க என் கை மிக்ஸி ஜாடியைத் தேடுகிறது. அப்புறம் ஞாபகம் வந்து அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை அண்ணி. அசதிதான். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

இந்த வருடம் உப்பளத்தில் வேலை தாமதமாகத்தான் ஆரம்பித்தது. மழை விட்டு விட்டுப் பெய்து பாத்தி காயவே இல்லை. பவித்ரா கடைசி வருடப் படிப்பில் இருக்கிறாள், தினமும் திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள். மெலிந்துவிட்டாள். சிரிக்கும்போது மட்டும் அப்படியே நீ.

இதை யாராவது வாசித்தால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். ராஜேஸ்வரி என் அண்ணன் ஏழுமலையின் மனைவி, பவித்ராவின் அம்மா. மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு சுமந்தவள். அவள் வேலைக்கு வந்திருக்கிறாளா இல்லையா என்று ரோட்டில் நின்றே சொல்லிவிடலாம், சத்தம் அப்படி. மேஸ்திரி நடக்கிற மாதிரி நடந்து, அவர் திட்டுகிற மாதிரி திட்டிக் காட்டி, தலையில் கூடையோடு நிற்கிற பெண்களை எல்லாம் சிரிக்க வைப்பாள். மேஸ்திரியே ஒரு நாள் மறைந்து நின்று கேட்டுச் சிரித்துவிட்டாராம்.

நான் அமுதா, அவளுடைய நாத்தனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். அதற்கென்று படித்தவள் இல்லை, எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகியவள். தெருவில் எனக்குப் 'பாதி டாக்டர்' என்று பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நீ முதல் முறை அந்தத் தொந்தரவோடு கடைக்கு வந்தது ஒரு பங்குனி மாதம். வேலை முடிந்து நேராக வந்திருந்தாய், காலெல்லாம் உப்பு பூத்திருந்தது.

"அமுதா, நாக்குல பின்னாடி இந்தப் பக்கம் மரமரன்னு இருக்குதுடி. எறும்பு ஊர்ற மாதிரி."

"சூடு அண்ணி. நாள் பூரா வெயில்ல நின்னா வேற இன்னா வரும்? இந்த ஜெல்ல தடவு, ரெண்டு நாள்ல போயிடும்."

வாயைத் திற, காட்டு என்று நான் சொல்லவில்லை. கடையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேர் நின்றார்கள் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். ஒரு நிமிஷம் கூடவா ஆகியிருக்கும்?

அடுத்த மாதம் வந்தாய். பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும் வந்தாய். வைகாசியில் ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கு சுத்தமாக இருந்தது. புண் இல்லை, வெள்ளை இல்லை, ஒன்றுமே இல்லை. "ஒண்ணும் இல்ல அண்ணி, சும்மா நெனைச்சிக்கிற," என்றேன். அப்புறம் வலது காது வலிக்கிறது என்றாய். காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தேன். நாக்கில் இருக்கிற வலி காதில் போய்க் குத்தும் என்று எனக்கு அப்போது தெரியாது.

"ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டலாமா அண்ணி?" என்று நடுவில் ஒரே ஒரு முறை கேட்டேன். "நீ இருக்கியே, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அப்படி எட்டு மாதம்.

ஐப்பசி மழையில் வேலை நின்று நீ வீட்டில் இருந்தபோதுதான் உன் பேச்சு குழறுவதை அண்ணன் கவனித்தார். "இன்னாடி, நாக்கு தடிச்சவ மாதிரி பேசுற?" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். சோறு ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கிறது, விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

பல் டாக்டர் ஒருவர் பல் குத்துகிறது என்று பல்லை ராவிவிட்டார். அடுத்து ஒரு ஆஸ்பத்திரியில் நாக்கின் மேலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு நீ கோழி அடித்துக் குழம்பு வைத்தாய். எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு நிறைய வந்தது. நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். நீ ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்தாய்.

வலி மட்டும் போகவில்லை. தை மாதம் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். அதிகம் பேசமாட்டார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். உன்னை நாக்கை நீட்டச் சொன்னார். நீ நேராகத்தான் நீட்டியதாக நினைத்தாய். அது வலது பக்கம் சாய்ந்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் கையுறை போட்டு, விரலை உள்ளே விட்டு நாக்கின் அடிவரைக்கும் அழுத்திப் பார்த்தார். நீ துள்ளினாய். "இது மேல இல்ல. உள்ள ஆழத்துல இருக்குது. கண்ணால பாத்தா தெரியாது, தொட்டுத்தான் பாக்கணும்," என்றார்.

"புகையிலை போடுவீங்களாம்மா?"

"இல்லிங்க."

"பாக்கு, பொட்டலம் ஏதாவது?"

"இல்லவே இல்லிங்க."

"வேலை செய்யற எடத்துல? எப்பவாவது?"

மூன்றாவது முறை அவர் கேட்டபோது நானும் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ அதைக் கவனித்தாய்.

ஸ்கேன் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து ஆழத்திலிருந்து சதை எடுத்தார்கள். முடிவு வர நாளாகும், இன்னொரு இடத்துக்கும் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். அந்தக் காத்திருந்த நாட்களில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உன் வீட்டுக்கு வந்து, நீ பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நீ வேலைக்குக் கொண்டுபோகிற ஒயர் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். உப்பளத்தில் பாதிப் பேர் வாயில் எதையாவது அடக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். நீயும் ரகசியமாகப் போட்டிருப்பாய், எங்களிடம் மறைத்திருப்பாய் என்று நினைத்தேன். நீ போட்டிருந்தால் நான் தப்பித்தேன். அதுதான் உண்மை அண்ணி.

கூடையில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைத் திறந்தேன். நான் கொடுத்த ஜெல் ட்யூப்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கி, அடியிலிருந்து சுருட்டி, எல்லாவற்றையும் வைத்திருந்தாய். ஒரு வேளை கூட விடாமல் தடவியிருக்கிறாய்.

நிமிர்ந்தால் நீ ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாய்.

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே அமுதா," என்றாய். அவ்வளவுதான். உள்ளே போய் எனக்கு டீ போட்டாய்.

முடிவு வந்த அன்றைக்கு அண்ணனும் கூட வந்தார். டாக்டர் ஒரு தாளில் நாக்கை வரைந்து காட்டினார். 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்று ஒரு பேர் சொன்னார். நாக்கில் வழக்கமாக வருவது மேல்தோலில் வரும், புகையிலையால் வரும். இது அதில்லை, உள்ளே எச்சில் ஊறுகிற சின்னச் சின்னச் சுரப்பியில் வருவது, ரொம்ப அபூர்வம், நரம்பைப் பிடித்துக்கொண்டே மெதுவாக நகரும் என்றார். "இது எதனால வருதுன்னு எங்களுக்கே சரியா தெரியாதும்மா. நீங்க எதுவும் போட்டதால வந்தது இல்ல."

நீ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"எவ்வளவு நாளா தொந்தரவு?" என்று கேட்டார்.

"ஒரு வருசம் ஆவப்போவுதுங்க."

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்ன அவ்ளோ நாளு யார்கிட்டயும் சொல்லலையா?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் உன் கால் என் காலை அழுத்தியது. "யார்கிட்டயும் சொல்லலிங்க. தானா போயிடும்னு இருந்துட்டேன்," என்றாய்.

அண்ணன் அந்த இடத்திலேயே கத்தினார். "ஊரு பூரா பேசுற. ஊட்ல ஒருத்தன் இருக்கேனே, வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல?" டாக்டர் அவரைச் சமாதானப்படுத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது அப்படியே நின்றுவிட்டது.

காப்பீட்டு அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று அண்ணன் எங்களை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார். கோட்டக்குப்பம் தாண்டியதும் ரோஸ் மில்க் குடிக்க வேண்டும் என்றாய். பெரிய முதலியார்சாவடியில் இறங்கினோம். ரோட்டோரக் கடையில் நீ சொட்டுச் சொட்டாக உறிஞ்சினாய், முழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாய்.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்ன? நான்தான் மருந்து கொடுத்தேன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா? உங்க அண்ணன் கோவம் உனக்குத் தெரியாதா? அது உன் ஊட்டு வாசப்படிய இனிமே மிதிக்காது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கும் பவிக்கும் யார்டி இருக்காங்க? நீதான். என்னத் திட்டுனா திட்டிட்டுப் போவட்டும், நான் வாங்கிக்கிறேன். நீ வாய மூடிக்கிட்டு இரு."

"அண்ணி..."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ரோஸ் மில்க்கைப் பாதி வைத்துவிட்டு எழுந்தாய். அடுத்த பஸ்ஸில் பொம்மையார்பாளையம் வரும்போதே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நான் அனுமந்தை வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். இடது முன்னங்கையிலிருந்து சதை வெட்டி அங்கே வைத்துத் தைத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், வாயெல்லாம் வெந்து போயிற்று. நீ ஒரு நாளும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அடம் பிடிக்கவில்லை. கூட வேலை செய்த பெண்கள் பார்க்க வந்தபோது, பேச வராத வாயோடு, மேஸ்திரி மாதிரி இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினாய். அவர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

பேச்சு திரும்ப வந்தது, ஆனால் பழைய பேச்சு இல்லை. ர, ல, ட எதுவும் நிற்கவில்லை. உன் பேச்சு எனக்குப் புரிந்தது, பவித்ராவுக்கு முக்கால்வாசி புரிந்தது. அண்ணனுக்குத்தான் பிடிபடவில்லை. "இன்னா சொல்ற? இன்னா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எரிச்சல் வந்து எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்குச் சொல்ல வேண்டியதை நீ என்னிடம் சொல்ல ஆரம்பித்தாய். நான் சொல்லுவேன். கொஞ்ச நாளில் அவர் உன்னைப் பார்த்துக் கேட்பதையே விட்டுவிட்டு, "அவளுக்கு இன்னா வேணுமாம்?" என்று என்னைக் கேட்டார். அப்போதெல்லாம் நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உனக்குத் தெரியாமல் ஒரு நாள் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். எட்டு மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இது பல வருசம் உள்ளயே இருந்திருக்கலாம்மா. முன்னாடி வந்திருந்தா கொஞ்சம் கம்மியா வெட்டியிருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கொஞ்சம் கம்மியாக என்றால் எவ்வளவு? அண்ணனுக்குப் புரிகிற அளவுக்காவது நீ பேசியிருப்பாயா? மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

ஒன்றரை வருடம் கழித்து நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. இதற்கு அப்படி ஒரு வழக்கம் உண்டாம். கொடுக்கிற மருந்து பெரிதாகக் கேட்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நீ தலையை மட்டும் ஆட்டினாய். ஒரு மத்தியானம், உப்பளத்துக்கு ஆள் அனுப்பி அண்ணன் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. உப்புக் காலோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு, அண்ணி, நீ வாங்கிக்கிறேன் என்று சொன்னதை எல்லாம் உன் பேரில் கொட்டினார்கள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு. நோயை மறைத்து மறைத்துத் தானே கெடுத்துக்கொண்டாள், வாய் இருந்தும் சொல்லவில்லை. அண்ணனும் அதைத்தான் சொன்னார். காரியத்தன்று சொன்னார், பொங்கலன்று சொன்னார். நான் சாதம் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குச் செய்த சத்தியம் என்று பேர் வைத்துக்கொண்டேன். அதில் சத்தியம் எவ்வளவு, என் பயம் எவ்வளவு?

திதி முடிந்த அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பவித்ரா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "அத்த, அம்மா ஏன் எங்ககிட்ட சொல்லல? எங்கள நம்பலயா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளிடம் சொன்னேன். முதலிலிருந்து எல்லாம். சோப்புக் கையோடு நின்று கேட்டாள். என்னைத் திட்டவில்லை. "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்த. நான் சொன்னா நல்லா இருக்காது," என்றாள்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குப் போனேன். அண்ணன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். ஜெல் கொடுத்தது, டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னது, நீ காலை அழுத்தியது, ரோஸ் மில்க் கடையில் சத்தியம் வாங்கியது. கத்துவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அவர் உப்பு வாரும் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட சொல்லாதன்னு அவளே சொன்னாளா?"

"ஆமா அண்ணா."

"நான் கோவப்படுவேன்னா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப அவ எனக்குப் பயந்துக்கிட்டே இருந்திருக்கா," என்றார். திரும்பி உப்பு வார ஆரம்பித்தார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நீ எதற்குப் பயந்தாயோ அது நடந்துவிட்டது என்று நினைத்தேன். சோறு கொடுத்தனுப்பினால் பாத்திரம் கழுவி வரும், வார்த்தை வராது. சொன்னது தப்பா, இத்தனை நாள் சொல்லாதது தப்பா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன வாரம் சாயங்காலம் கடைக்கு வந்தார் அண்ணி. கூட்டம் கலைகிறவரைக்கும் ஓரமாக நின்றார். அப்புறம் வெளியே கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார்.

"கடேசி ரெண்டு வருசம் அவ பேசுனது ஒண்ணும் எனக்குப் புரியல அமுதா. உங்கிட்டதான பேசுனா. எனக்குச் சொல்லச் சொல்லாம, உங்கிட்ட மட்டும் பேசுனதும் இருக்கும் இல்ல?"

"இருக்குதுண்ணா."

"அதெல்லாம் எனக்கு வேணும். இன்னா சொன்னா, எப்படிச் சொன்னா, எல்லாம் சொல்லு. என்னய ஏசியிருந்தாலும் பரவால்ல."

முதல் நாள் நீ உப்புக் காலோடு வந்து எறும்பு ஊர்கிறது என்று சொன்னதிலிருந்து தொடங்கினேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் நான் நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்றார். அன்றைக்கிலிருந்து தினமும் வருகிறார். நேற்று, பவித்ராவுக்குச் சீக்கிரம் கல்யாணம் பேச வேண்டாம், வேலைக்குப் போகட்டும் என்று நீ மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைச் சொன்னேன். "சரின்னு சொல்லு அவகிட்ட," என்றார். அவருக்கே சட்டென்று உறைத்து, எழுந்து போய்விட்டார்.

சொல்லிவிட்டேன் அண்ணி. சரியாம்.

இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அவரைப் பற்றி நீ சொன்ன நல்லதும், அவர் மேல் உனக்கு இருந்த வருத்தமும், உன் கூடையை நான் கவிழ்த்த நாளும். அந்தக் கூடை விஷயத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை, அதனால் உனக்கு எழுதிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு அசதியாக இருந்தாலும், நீ பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் உன் வீட்டுக்காரரிடம் சேர்த்துவிடுகிறேன். இந்தச் சத்தியம் நீ கேட்காமல் நானே செய்வது.

உன் நாத்தனார்,
அமுதா